ஆணியில் தொங்கிய தலையணை

நோயாளிகள் உட்காரும் பெஞ்சு காலியாக இருந்தால் உங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். எனக்குத் தெரியாதா? நேற்று நான் வந்து இறங்கியபோது மூன்று பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தீர்கள். "இன்னைக்கு யாருமே வரல ஐயா, எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று சொன்ன தம்பி இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேரம் ஆடுவதில் தப்பில்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. யாரும் வரவில்லை என்பது ஒரு செய்தி. எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்பது வேறு செய்தி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் ஆள் செத்துப் போவான்.

உங்களை இன்றைக்கு ஆஸ்பத்திரி அசிஸ்டன்ட் என்கிறார்கள். எங்களை டிரஸ்ஸர் என்றார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது, புண் அதே புண்தான். நான் அப்போது ஜொகூரில், தங்காக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். வெள்ளைக்காரன் ஆட்சி. சண்டை வரப்போகிறது என்ற பேச்சு சாப்பாட்டுக் கடைகளில் கூட அடிபட ஆரம்பித்திருந்த காலம். பகலில் கணக்கு எழுதும் கிராணியாகவும் வாத்தியாராகவும் வேலை பார்த்தவர்கள் தொண்டர் படையில் சேர்ந்து காக்கிச் சட்டை மாட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு காலாட்படைக் கூட்டத்துக்கு லேடாங் மலை அடிவாரத்தில் ஒரு மாதப் பயிற்சி முகாம் போட்டார்கள். அதே முகாமுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஆகாயப்படைத் தொண்டர்களும் வந்தார்கள். விமானத்தை ஓட்டுகிறவர்கள் இல்லை, பழுது பார்க்கிற மெக்கானிக்குகள். சில சமயம் விமானத்தோடு இவர்களும் பறக்க வேண்டியிருக்கும். அது ஜொகூர் காட்டுக்குள் விழுந்து தொலைத்தால் உயிரோடு நடந்து வெளியே வரத் தெரிய வேண்டுமாம். மழையில் தீ மூட்டுவது, எந்தக் கிழங்கைத் தின்னலாம், எந்தக் கொடியை வெட்டினால் குடிக்கத் தண்ணீர் வரும், இதையெல்லாம் காலாட்படைக்காரர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முகாமுக்கு மருத்துவ உதவி என்று தோட்டத்திலிருந்து என்னை இரவல் கொடுத்தார்கள். டாக்டர் மூவாரில் இருந்தார், வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார்.

முதல் நாளே வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது. ஆகாயப்படைக்காரர்கள் லோரியிலிருந்து இறக்கிய சாமான்களைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மடக்குக் கட்டில், மெத்தை, கொசுவலை, கூடவே முட்டைத் தோசையும் கஸ்டர்டும் செய்ய ஒரு ஹைனான் சமையல்காரர். சிங்கப்பூரில் அவர்கள் குடியிருப்பு கல்வீடு, தலைக்கு மேலே மின்விசிறி, குளிக்கக் குழாய்த் தண்ணீர். காலாட்படைக்காரர்களுக்கு அத்தாப்பு ஓலைக் கூரையும் மூங்கில் படுக்கையும்தான்.

"எங்க கட்டில இறக்குறீங்க? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டது காலாட்படை சார்ஜன்ட் மாணிக்கம். தோட்டத்தில் கிராணி வேலை. ஆள் ஒல்லி, நாக்கு மட்டும் நீளம். யார் எதைச் சொன்னாலும் அடுத்த மூச்சுக்குள் பதில் வந்து விழும்.

"மூளை உள்ளவன் காய்ஞ்ச இடத்திலதான் படுப்பான். நீங்கள் சேத்தில கிடவுங்கோ, எருமைக்கு அதுதான் சுகம்" என்றார் ஆகாயப்படை சார்ஜன்ட் செல்லத்துரை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஜொகூர் பாருவில் பிறந்தவர். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லிவிடுவார் என்று அவருடைய ஆட்கள் பெருமையடித்துக்கொள்வார்கள்.

"எருமை காட்டுல பொழைச்சுக்கும் லா. உங்க ஏரோப்ளேன் காட்டுல விழுந்தா மரத்துக்கிட்ட டீ கேப்பீங்களே, அதை நெனைச்சாத்தான் எனக்குக் கவலை!"

இப்படித்தான் இரண்டு பேரும். பார்க்கிறவர்களுக்குக் கீரியும் பாம்பும் மாதிரி. ஆனால் மாலையில் ஒரே சிகரெட்டை இருவரும் மாற்றி மாற்றிப் புகைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் என் பெஞ்சில் இடமே இருக்காது. கொப்புளம், அட்டைக்கடி, மூங்கில் கீறிய காயம், வயிற்றுப்போக்கு. அடுத்த ஞாயிறு செல்லத்துரை தங்காக் துணிக்கடை ஒன்றுக்குப் போய் ஒரு தலையணை வாங்கி வந்தார். ரோஜாப்பூப் போட்ட உறை, நாலு பக்கமும் சுருக்கு வைத்துத் தைத்தது, புதுப்பெண்ணுக்குச் சீர் கொடுக்கிற மாதிரி. அதை என் கொட்டகை வாசலில், பெஞ்சுக்கு நேர் மேலே ஓர் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். எந்தப் படையிலிருந்து ஒருவன் முதலில் வந்து இந்தப் பெஞ்சில் உட்காருகிறானோ, அந்தப் படைக்குத் தலையணை சொந்தம். முகாம் முடியும் நாள் விருந்தில், தோற்ற படையின் சார்ஜன்ட் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜெயித்த படைக்குச் சோறு பரிமாற வேண்டும். மாணிக்கம் கைகொட்டிச் சம்மதித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து என் பெஞ்சு காலி.

கொப்புளம் ஒரே இரவில் ஆறிவிடுமா? அட்டைகளுக்கெல்லாம் மனம் திருந்திவிட்டதா?

இந்த இடத்தில் எனக்குத் தொழில் பழக்கிய பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு சமயம் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கப் புதிதாக வந்த மண்டோர் ஒருவன், ஆஸ்பத்திரிக்குப் போகிறவனையெல்லாம் சோம்பேறி என்று எல்லார் முன்னாலும் ஏசத் தொடங்கினான். பெஞ்சு காலியாகிவிட்டது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக் கதவைப் பூட்டச் சொன்னார். "அவங்க வரலேன்னா நாம போறோம். நோய்க்கு மருந்து இந்த அலமாரியில இருக்கு. அவன் எதுக்குப் பயந்து வராம இருக்கான், அதுக்கு மருந்து இங்க இல்ல. அவன் இருக்கிற எடத்துலதான் தேடணும்" என்றார். அன்று தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளில் லயம் லயமாக நடந்தோம். அதற்குப் பிறகு காலியான பெஞ்சைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

ஆகவே நானும் கொட்டகையைப் பூட்டிவிட்டு நடந்தேன். காலாட்படைக்காரர்களின் குடிசைக்குள் நுழைந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. மூலையில் கொசுவலைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஸ்டோரில் கொடுத்தபோது போட்ட மடிப்புக் கூடக் கலையவில்லை.

"ஏம்பா, வலையைக் கட்டலியா?"

"அது மணவறை, டிரஸ்ஸரே! வலைக்குள்ள படுத்தா ஏரோப்ளேன்காரனுக்கும் நமக்கும் என்னா வித்தியாசம்?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். கட்டில் சுகம், மெத்தை சுகம் என்று கேலி பேசிப் பேசி, உயிர் காக்கிற வலையையும் சுகத்தோடு சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்! சிரிப்பு வரவில்லை எனக்கு, பற்றிக்கொண்டு வந்தது. லேடாங் அடிவாரத்துக் கொசு மனிதனைப் பார்த்துக் கடிக்குமே தவிர வீரத்தைப் பார்த்துக் கடிக்காது. அங்கேயே நின்று எல்லா வலைகளையும் கட்ட வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஆனால் முன்பே கடித்த கொசுவை வலை என்ன செய்யும்?

கடைசி வாரம் வந்தது. முடிவுப் பயிற்சிக்கு இரண்டு படைகளும் சின்னச் சின்னக் குழுவாக மலைக்காட்டுக்குள் போக வேண்டும். கையில் சாப்பாடு கிடையாது, நாலாம் நாள் மறுபக்கம் வெளியே வர வேண்டும். இடையில் யாராவது விழுந்தால் தூக்கி வரப் பாதை கிடையாது.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், கொளுத்துகிற வெயிலில் மாணிக்கம் மட்டும் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். சட்டை கழுத்துவரை பித்தான் போட்டிருந்தது. அந்தப் பக்கம் போன செல்லத்துரை வழக்கம்போல ஒன்றை வீசினார்: "என்ன மாணிக்கம், காட்டுக்கை போறதுக்கு முதலே வெய்யில் காயிறீர்? எங்கட கட்டிலில ஒண்டை இரவல் தரட்டோ?"

மாணிக்கம் பதில் சொல்லவில்லை. ஏதோ தூரத்தில் கேட்ட சத்தம் மாதிரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் நான் நின்று அவரைக் கவனித்துப் பார்த்தேன். கண்ணில் மஞ்சள் இருக்கிறதா, நாக்கு வறண்டிருக்கிறதா என்று பார்க்கப் படித்திருக்கிறீர்கள். நல்லது. அந்த மனிதன் வழக்கமாகச் செய்கிற எதைச் செய்யாமல் விட்டான் என்றும் பாருங்கள். மாணிக்கம் பதில் பேசாமல் விட்டது எனக்கு எந்தத் தெர்மாமீட்டரையும்விடப் பெரிய சாட்சி.

அருகே போய்க் கையைப் பிடித்தேன். வேர்த்துக் குளிர்ந்திருந்தது. முந்தாநாள் மத்தியானம் நடுக்கம், நேற்று ஒன்றுமில்லை, இன்று காலை மறுபடி என்று மெல்ல மெல்லப் பிடுங்கினேன். "வேர்வையோட எறங்கிடுச்சி. இப்ப ஒன்னும் இல்ல லா" என்றார்.

"நாளன்னிக்கு மறுபடி வரும். அப்ப நீங்க மலைமேல இருப்பீங்க. மூளைக்கு ஏறிட்டா உங்களைத் தூக்கக்கூட ஆள் இல்ல. வாங்க, வந்து பெஞ்சுல உக்காருங்க. இது மலேரியா, கொயினா போடுறேன், மூவாருக்கு அனுப்புறேன்."

"அந்தப் பெஞ்சுலயா?" அவர் என் கொட்டகைப் பக்கம் பார்த்தார். ஆணியில் தலையணை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "என் பசங்க கால் அழுகி, சொல்லாம நடக்குறானுங்க டிரஸ்ஸரே. சார்ஜன்ட் நானே போய் உக்காந்தா அவனுங்க மொகத்துல எப்படி முழிப்பேன்? போங்க, போய் வேற வேலையப் பாருங்க."

நேராக, முகாமுக்குத் தலைவரான வெள்ளைக்காரக் கேப்டன் துரையிடம் போனேன். சாதாரண நாளில் அவர் ஒரு தோட்டத்து மானேஜர், கெட்டவர் இல்லை. மாணிக்கத்தைக் கூப்பிட்டார். காய்ச்சலா என்று கேட்டார். மாணிக்கம் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து இல்லை என்றார். என்னைச் சூடு பார்க்கச் சொன்னார் துரை. பார்த்தேன். கண்ணாடிக் குழாய் சாதாரணச் சூடுதான் காட்டியது. முறைக்காய்ச்சல் அப்படித்தான், வந்த சுவடே தெரியாமல் இறங்கியிருக்கும். அதை விளக்கினேன். தானாக வந்து நோய் என்று சொல்லாத சார்ஜன்டை டிரஸ்ஸர் சொல்லி நிறுத்த விதியில்லை, டாக்டர் சொன்னால் சரி என்றார். டாக்டர் வர இன்னும் நாலு நாள் இருந்தது.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நம்மில் பலர் கையை உதறிவிடுவோம். "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்" என்ற வார்த்தை நமக்கு வசதியானது. ராத்திரி நிம்மதியாகத் தூங்க அதைவிட நல்ல தலையணை கிடையாது. நான் அன்றைக்குத் தீர்மானம் செய்தேன். இவர் மலையேறக் கூடாது. ஏறினால் கொயினாப் பையோடு நானும் பின்னாலேயே ஏறுவேன், தோட்டத்தில் என்னை வேலையிலிருந்து தூக்கினாலும் சரி. ஆனால் காட்டில் நான் தனியாக என்ன கிழித்துவிட முடியும்? ஏறாமல் நிறுத்துவதுதான் வைத்தியம். பெரிய டாக்டர் சொன்னதைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். இந்த ஆள் எதற்குப் பயப்படுகிறார்? சாவதற்கு இல்லை. ஒரு தலையணைக்கு.

பொழுது சாயும் நேரம் செல்லத்துரையைத் தேடிப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, "நீங்க தோத்துடுங்க. நாளைக்குக் காலையில எல்லாரும் பாக்க வந்து என் பெஞ்சுல உக்காருங்க. ஆட்டம் முடிஞ்சா அவர் வருவார்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏலாது, டிரஸ்ஸர். சேத்தில கிடக்கத் தெரியாத பொம்பிளையள் எண்டு ஒரு மாசமாக் கேட்டுக் கேட்டு, என்ட பெடியள் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாங்கள். கடைசி நாளில நானே போய் இருந்தா என்னை மன்னிப்பாங்களோ?"

"தெரியல. ஆனா அந்தத் தலையணைய வாங்கியாந்து மாட்டினது நீங்கதான். வேற யாரு கழட்டினாலும் அது கழறாது."

அவர் பூட்ஸைக் கீழே வைத்தார். பிறகு, "மத்தியானம் நான் கேட்டதுக்கு அவன் பதில் சொல்லேல்லை. நான் கவனிச்சனான்" என்றார். அவ்வளவுதான். வருவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை மூட்டை முடிச்சுகளோடு எல்லாரும் அணிவகுத்தார்கள். காலாட்படைக்கு முன்னால் மாணிக்கம். உதடு வெளுத்திருந்தது. ஆகாயப்படைக்கு முன்னால் இடம் காலி. நான் பூட்ஸ் மாட்டி, கொயினா மருந்தும் ஊசியும் திணித்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றேன். மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது வந்தார் செல்லத்துரை. உடம்பெல்லாம் கம்பளி போர்த்திக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நொண்டியபடி. காய்ச்சலுக்கு எதற்கு நொண்டல் என்று நான் கேட்கவில்லை. "அம்மா, அம்மா" என்று முனகிக்கொண்டே அணிவகுப்பின் குறுக்கே நடந்து என் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"டிரஸ்ஸர், ஏலாமக் கிடக்கு! அந்தத் தலகாணியை எடுத்துத் தாங்கோ!"

கழற்றிக் கொடுத்தேன். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காலாட்படை அணி உடைந்தது. தொப்பிகள் பறந்தன, ஊளையிட்டார்கள், "அலாமாக்!" என்று மலாய்க்கார லோரி டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆகாயப்படைக்காரர்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர்களில் ஒருவன் காறித் துப்பினான். அந்தத் துப்பல் செல்லத்துரைக்குக் கேட்டது என்பது அவர் கண்ணில் தெரிந்தது. ஆனால் அவர் எழுந்து நின்று, நொண்டலை மறந்து, மாணிக்கத்தைப் பார்த்துக் கத்தினார்: "ஆட்டம் முடிஞ்சுது! நீங்கள் வெண்டிட்டியள்! இனி ஆர் வந்து இருந்தாலும் கணக்கில்லை. கேட்டுதோ? கணக்கில்லை!"

கேப்டன் துரை ஒன்றும் புரியாமல் நின்றார். நான் காலாட்படைப் பக்கம் திரும்பி, "கேட்டீங்க இல்ல? இப்ப இது வெறும் பெஞ்சு. வாங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. முதலில் வந்தது ஆகாயப்படையிலிருந்துதான். சற்று முன்னே காறித் துப்பினானே, அவனேதான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "எனக்கும் ரெண்டு நாளா குளிருது ஐயா" என்றான். கை வைத்தேன், நெருப்பாகக் கொதித்தது. வலைக்குள் படுத்தவனையும் கொசு எங்கோ ஓரிடத்தில் பிடித்திருந்தது. அவனைப் பார்த்துக் காலாட்படையிலிருந்து ஒரு கார்ப்பரல் வந்தான். அவன் பின்னால் இன்னொருவன், பூட்ஸைக் கழற்றினால் நாற்றம் தாங்கவில்லை. பெஞ்சு நிறைந்தது. கடைசியில் மாணிக்கம் தோள்மூட்டையை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு, மிக மெதுவாக நடந்து வந்தார். செல்லத்துரை நகர்ந்து இடம் கொடுத்தார்.

அவர் உட்கார்ந்து நான் ஊசியைக் கொதிக்க வைத்து எடுப்பதற்குள் நடுக்கம் வந்துவிட்டது. நான் கணக்குப் போட்டதற்கு முன்னாலேயே வந்தது. அவர் ஒருவர் நடுங்கிய நடுக்கத்தில் அந்தப் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஆடினார்கள். செல்லத்துரை தன் பொய்க் கம்பளியை உருவி அவருக்குப் போர்த்தி, அதன் மேல் தன் இரு கைகளையும் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கேப்டன் துரை அருகே வந்து பார்த்தார். உடனே லோரியைக் கொண்டுவரச் சொன்னார். பயிற்சி தள்ளிப் போனது.

லோரியில் படுக்க வைத்தபோது தலைக்கு ரோஜாப்பூத் தலையணையை வைத்தவர் செல்லத்துரைதான். மூவார் போகும் வழியிலேயே மாணிக்கத்துக்கு நினைவு தப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, பிழைத்தால் இவனுடைய அதிர்ஷ்டம் என்றார். அந்த நிலையில் அவர் மலைமேல் இருந்திருந்தால் என்ற நினைப்பே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. இன்றைக்கும் கொடுக்கிறது.

முகாம் முடிந்து விருந்து நடந்தது. செல்லத்துரை சொன்ன வார்த்தை தவறாமல் காலாட்படைக்குச் சோறு பரிமாறினார். தலையணை மூவாரில் இருந்ததால் கழுத்தில் ஒரு கொசுவலையைச் சுற்றிக்கொண்டார். அவருடைய ஆட்கள் அவரிடம் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம். மாணிக்கம் எழும்பட்டும், பிறகு பாப்பம்" என்றார்.

விருந்துக்கு மறுநாள் நாங்கள் இருவரும் மூவாருக்குப் போனோம். வார்டில் இரும்புக் கட்டில், மெத்தை, வெள்ளை வலை, தலைக்கு மேலே மின்விசிறி. மாணிக்கம் எலும்பும் தோலுமாகக் கண்மூடிக் கிடந்தார். முந்தின ராத்திரிதான் நினைவு திரும்பியது, இன்னும் யாரோடும் பேசவில்லை என்று நர்ஸ் சொன்னாள். செல்லத்துரை கட்டிலருகே போய்த் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாணிக்கம் கண்ணைத் திறந்தார். செல்லத்துரையைப் பார்த்தார். பிறகு சுற்றுகிற விசிறியை, வலையை, மெத்தையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உதடு அசைந்தது. குனிந்து கேட்டோம்.

"இப்படியா தெனமும் படுக்குறீங்க?" என்றார், காற்று மாதிரிக் குரலில். "அதான்லா உங்க ஏரோப்ளேன் ஒன்னும் நேரத்துக்குக் கெளம்ப மாட்டேங்குது."

செல்லத்துரை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. நான் மாணிக்கத்தின் நாடி பார்ப்பதற்காகக் கையை நீட்டியவன், பதில்தான் வந்துவிட்டதே, இனி வேண்டாமென்று மடக்கிக்கொண்டேன்.